வாக்குச் சாவடியும் நம் உடையும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடையில் பழம்பெருமை பேசுவது எளிது. ஓலைக் கொட்டகையில், ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ், பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய இரவுப் பாடசாலை இன்று எவ்வாறு வளர்ந்து நிற்கிறது என்பதை எங்களுக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். அதை மீண்டும் கூறப்போவதில்லை. எங்களுக்கு ஒதுக்கப்பெற்ற நேரத்தில், நாங்கள் செய்த ஒரு பிழையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அப்பிழை ஒரு பனியனைப் பற்றியது. சிறிய செய்திதானே என்று நீங்கள் எண்ணலாம். நாங்களும் அன்று அப்படித்தான் எண்ணினோம்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தல். நம் இரவுப் பாடசாலையில் படித்து, பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த பிள்ளை ஒருவன் முதன்முறையாக வாக்களிக்க வந்திருந்தான். காலை ஒன்பது மணி இருக்கும். நீல நிறப் பனியன் அணிந்திருந்தான். அதில் அண்ணல் அம்பேத்கரின் முகம் இருந்தது. முகத்தின் கீழே கட்சிப் பெயரோ, சின்னமோ, முழக்கமோ எதுவும் இல்லை. அவன் வாசற்படியை மிதித்தவுடன், உள்ளே அமர்ந்திருந்த முகவர் ஒருவர் எழுந்து, “இது கட்சி அடையாளம், இதோடு உள்ளே விடக்கூடாது” என்றார். அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். “போய் மாற்றிக்கொண்டு வா தம்பி” என்றார். அவ்வளவுதான்.

ஆட்சேபித்த அந்த முகவரின் இடுப்பில் ஒரு கட்சியின் கரை வேட்டி இருந்தது. மேசைக்குக் கீழே கரை நன்றாகவே தெரிந்தது.

வரிசையில் நின்ற எங்களைப் பிள்ளை திரும்பிப் பார்த்தான். கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் மூவர் அங்கே நின்றிருந்தோம். “போய் மாத்திக்கிட்டு வாப்பா, நமக்கு எதுக்குத் தகராறு” என்று சொன்னது நாங்கள்தான். அவன் போனான். திரும்பி வரவில்லை. மாலை ஆறு மணிக்கு வாசல் சாத்தப்பட்டது. பொழுது சாய்ந்த பிறகு கண்மாய்க் கரையில் அவனைக் கண்டுபிடித்தோம். அதே பனியனோடு உட்கார்ந்திருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன விடை இதுதான்: “சட்டையைக் கழட்டுன்னு சொன்னாங்க பெரியப்பா. எங்க தாத்தாவோட அப்பாவையும் அப்படித்தான் சொன்னாங்களாம்.”

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இளைஞர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், இராமநாதபுரம் பகுதியில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியலாகாது, ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது, கோட்டோ, சட்டையோ, பனியனோ போடலாகாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கலாகாது, பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கலாகாது, பூவும் மஞ்சளும் பூசிச் சூடலாகாது, ஆடவர் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. மறுத்தவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எட்டுத் தடைகள் பதினொன்றாயின. இவை செவிவழிக் கதைகள் அல்ல. 1931ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

பட்டியலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எட்டில் எத்தனை துணியையும் உடலையும் பற்றியவை! நிலத்தைப் பறித்தவர்கள், கூலியைக் குறைத்தவர்கள், அவற்றோடு நிறைவடையாமல் பனியன் வரைக்கும் வந்து நின்றார்கள். ஏனெனில் உடை என்பது வெயிலுக்கும் குளிருக்கும் மட்டும் ஆனதன்று. ‘நான் உனக்குச் சமம்’ என்று வாய் திறவாமல் சொல்வது அது. ஆகவே, ‘உடையை மாற்றிக்கொண்டு வா’ என்ற சொல் மற்றவர் காதில் விழுவதுபோல் நம் பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. இதை அந்த அலுவலர் அறிந்திருக்க நியாயமில்லை. நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் இளைஞர்களே, ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வாக்குச் சாவடியில் உடை பற்றி உள்ள விதியும் 1930இன் தடைகளும் ஒன்றல்ல. அவனது வேதனையில் நியாயம் உண்டு. ஆனால் விதியே நமக்குப் பகை என்று முடிவு கட்டினால் நாம் இழப்பவர்களாவோம். ஆகவே விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 130ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாக்குப்பதிவு நாளில், சாவடிக்குள்ளும் அதிலிருந்து 100 மீட்டர் தொலைவிற்குள்ளும் வாக்குக் கேட்கலாகாது. இன்னாருக்குப் போடாதே என்று சொல்லலாகாது. வாக்களிக்கவே போகாதே என்றும் சொல்லலாகாது. தேர்தல் தொடர்பான அறிவிப்பையோ அடையாளத்தையோ காட்டலாகாது. மீறினால் 250 ரூபாய் வரை அபராதம். காவலர் ஆணையின்றியே கைது செய்யத்தக்க குற்றம் இது. இந்த ‘அடையாளம்’ என்ற சொல்லின் கீழ்தான் உடையும் வருகிறது. வேட்பாளர் பெயர், கட்சிப் பெயர், சின்னம், முழக்கம் ஆகியன தாங்கிய தொப்பி, சால்வை, பட்டயம் போன்றவற்றைச் சாவடிக்குள் அணிந்து வருவது ஒருவகை வாக்குச் சேகரிப்பே என்பது தேர்தல் ஆணையத்தின் நிலை. முகவர்கள் எந்த வேட்பாளருக்காக அமர்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பெயர் அட்டை மட்டும் அணியலாம். கட்சியினர் வெளியே தரும் வாக்காளர் சீட்டுக்கூட வெள்ளைத் தாளில், பெயரோ சின்னமோ இன்றி இருக்க வேண்டுமென நடத்தை விதிகள் கூறுகின்றன.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. பரப்புரைக் காலத்தில் கட்சிக்காரர் தொப்பியும் துண்டும் கொடுத்தால் ஆணையம் அதை வேட்பாளரின் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சேலையும் சட்டையும் கொடுத்தாலோ, அது இலஞ்சமாகிவிடும். தலையை மூடினால் பரப்புரை, உடலை மூடினால் கையூட்டு! இலவசச் சேலைக்கு வரிசையில் நின்ற நம் தாய்மார்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். பேச்சுரிமை உள்ள நாட்டில் நெஞ்சில் ஒரு சின்னத்தைக் குத்திக்கொள்ள உரிமையில்லையா? விடை, வாக்கு மறைவாகப் போடப்படுவதில் இருக்கிறது. முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் வாக்காளன் எல்லோர் முன்னிலையிலும் நின்று இன்னாருக்கு என் வாக்கு என்று வாய்விட்டுக் கூற வேண்டும். பண்ணையார் எதிரே நிற்க, குத்தகைக்காரன் வேறு என்ன கூறுவான்? 1856இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் மறைவு வாக்கு வந்தது. இங்கிலாந்து 1872இல்தான் அதை ஏற்றது. நம் நாட்டில் 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே, படிப்பறியாத கோடிக்கணக்கான மக்களுக்கும் அது கிடைத்துவிட்டது. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். மறைப்புக்குப் பின்னால் சென்று வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த மறைப்புத் துணி இல்லாவிட்டால், நிலமற்ற கூலிக்குக் கிடைத்த வாக்கு நிலமுடையவனின் இரண்டாவது வாக்காக ஆகியிருக்கும்.

சாவடிக்குள் கட்சி உடையை அனுமதித்தால் அந்த மறைப்பு கிழிந்துவிடுகிறது. ஊர்த் தெருவிலே அமைந்த சாவடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் ஒரே கரை வேட்டியில் வாசலில் நிற்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒருவரையும் தொடவில்லை. அவர்களைக் கடந்து உள்ளே போகும் நம் வீட்டுக் கிழவிக்கு, நாளை எவர் வயலில் களை எடுக்கப் போகிறோம் என்ற நினைவு வராதா? அடையாளத்தைக் காட்டுவதில் எப்போதும் வலியவனுக்கே ஆதாயம். எளியவனுக்குப் பாதுகாப்பு அடையாளம் தெரியாமல் இருப்பதில்தான். எனவே இந்த விதி பெரிதும் நமக்காகவே உள்ளது என்பது எங்கள் கருத்து. நம் இளைஞர்களில் சிலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். நம் கொடியை நாம் அணிந்து தலை நிமிர்ந்து செல்வதே விடுதலை என்பார்கள். தெருவில் அணியுங்கள், திடலில் அணியுங்கள், கல்லூரிக்கு அணிந்து செல்லுங்கள். அந்த 100 மீட்டருக்குள் மட்டும் நம் பாட்டிமார்களுக்காகக் கழற்றி வையுங்கள்.

இனி நிறத்திற்கு வருவோம். நம் மாநிலத்தில் கட்சிச் சின்னத்தைக் காட்டிலும் கட்சிக் கரை பேசும். கறுப்பு சிவப்புக் கரை எதுவென்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; நடுவே வெள்ளை வந்தால் எதுவென்றும் தெரியும். ஆனால் 130ஆம் பிரிவில் கரை என்ற சொல் இல்லை. நிறம் என்ற சொல்லும் இல்லை. ஆகவே முடிவு அந்தச் சாவடியின் தலைமை அலுவலர் கையில் விழுகிறது. ஒரு சாவடியில் கரை வேட்டி உள்ளே போகிறது. அடுத்த சாவடியில் துண்டைத் தோளிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். தெளிவில்லாத விதி எப்போதும் எளியவன் மீதே முதலில் பாய்கிறது. அந்த நாள் காலையில் நாங்கள் கண்ணால் கண்டதும் அதுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற மாநிலத்தில், அரசியல் பட்டயமோ அரசியல் அடையாளமோ அணிந்து வாக்குச் சாவடிக்கு வரலாகாது என்று ஒரு சட்டம் நூறாண்டுக்கும் மேலாக இருந்தது. 2010ஆம் ஆண்டுத் தேர்தலில், வாசகம் எழுதிய பனியனும் நெஞ்சில் ஒரு பட்டயமும் அணிந்து வந்த வாக்காளர் ஒருவர் தடுக்கப்பட்டார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2018ஆம் ஆண்டு ஜூன் 14இல் தீர்ப்பாயிற்று. ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். வாக்குச் சாவடி அமைதியாகச் சிந்தித்து முடிவெடுக்கும் இடம். அங்கே உடைக்கு வரம்பு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் ‘அரசியல்’ என்ற சொல்லுக்கு எல்லை வகுக்காமல் அலுவலர் மனம்போல் விட்டது தவறென்று அந்தத் தடையைச் செல்லாததாக்கினார்கள். விசாரணையின்போது ஒரு நீதிபதி கேட்ட கேள்வி நினைவில் நிற்கத் தக்கது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் அரசியல் சட்டத் திருத்தத்தை அச்சிட்ட பனியனுக்கு அனுமதி உண்டா? இல்லை என்றார் அரசுத் தரப்பு வழக்குரைஞர். பேச்சுரிமையைக் கூறும் திருத்தத்தை அச்சிட்ட பனியனுக்கு? அதற்கு உண்டு என்றார். ஒரே அரசியல் சட்டம், ஒரே அளவுப் பனியன். ஒன்று அரசியலாம், மற்றொன்று அரசியல் இல்லையாம்!

அண்ணலின் முகத்தைப் பற்றியும் இதே கேள்வியை நாம் கேட்கலாம். அவர் அந்தத் தேர்தலில் வேட்பாளரல்லர். அவர் படம் அரசு அலுவலகங்களில் தொங்குகிறது. எல்லாக் கட்சியினரும் ஏப்ரல் 14இல் அவர் சிலைக்கு மாலையிடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவானவர் என்று மாலையிடும்போது கூறுவது, நம் பிள்ளையின் நெஞ்சில் இருக்கும்போது மட்டும் கட்சி அடையாளம் என்று மாறுவது எவ்வாறு? மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம்: தலைவர்களின் பெயரும் படமும் கூடச் சாவடிக்குள் ஐயத்திற்கு இடமளிக்கும் என்று ஓர் அலுவலர் கருதினால், அதை முற்றிலும் நியாயமற்றது என்று எங்களால் கூற இயலாது. அப்படியானால் அந்த அளவுகோல் மேசைக்குக் கீழே தெரிந்த கரைக்கும் பொருந்த வேண்டும். எங்கள் வழக்கு அவ்வளவே.

இப்போது எங்கள் பிழைக்கு வருகிறோம். அதே சட்டத்தில் 132ஆம் பிரிவு உள்ளது. சாவடிக்குள் ஒழுங்கு தவறி நடப்பவரையோ, தலைமை அலுவலரின் சட்டப்படியான கட்டளைக்குப் பணியாதவரையோ வெளியேற்றலாம் என்கிறது அது. அதன் இரண்டாவது உட்பிரிவை அன்று நாங்கள் படித்திருக்கவில்லை. வாக்களிக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு அங்கே வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமற் போகும்படி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்று அது தெளிவாகக் கூறுகிறது. ஒழுங்கு தவறியவனுக்கே அந்தக் காப்பு உண்டென்றால், வாய்மூடி நின்ற பிள்ளைக்கு இல்லாமற் போகுமா? நாங்கள் அன்று செய்திருக்க வேண்டியவை மிக எளியவை. “ஐயா, இதில் கட்சிப் பெயரோ சின்னமோ இல்லையே, எந்த விதிப்படி தடுக்கிறீர்கள்?” என்று பணிவோடு கேட்டிருக்கலாம். “அந்த முகவரின் வேட்டிக்கும் இதே விதிதானே?” என்று கேட்டிருக்கலாம். இரண்டுமே பலிக்காவிட்டால், எங்கள் மூவரில் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தி உள்ளே அனுப்பியிருக்கலாம். அவன் வீட்டுக்குப் போகவே தேவையிருந்திருக்காது. மூன்று பேர் தோளிலும் துண்டு இருந்தது. நம் முன்னோர் தோளில் போட அனுமதிக்கப்படாத துண்டு. ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மாலையிலாவது தேடியிருக்கலாம். ஆறு மணிக்கு வாசல் சாத்தினாலும், அதற்குள் வரிசையில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண்ணிட்ட சீட்டுக் கொடுத்து, எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்க விடவேண்டும் என்பது முறை. ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடத்திற்கு அவனை அழைத்து வந்திருந்தாலும் போதும். நாங்களோ எத்தனை சதவீதம் பதிவாயிற்று என்று திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம்.

தகராறு வேண்டாம் என்று நாங்கள் சொன்னதற்கும் காரணம் உண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை. வாக்கின் பொருட்டு அடி வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997ஆம் ஆண்டு ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐவர் உயிரிழந்தனர். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனி ஊராட்சித் தேர்தல் 1996 முதல் பத்தாண்டுகள் முறையாக நடைபெறவில்லை, 2006இல்தான் நடந்தது. அந்த அச்சம் எலும்பில் இருக்கிறது. ஆனால் எங்கள் அச்சத்தை அந்தப் பிள்ளையின் முதல் வாக்கின் மேல் ஏற்றியது தவறு.

சட்டமும் அப்படியே நிற்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நம்மில் ஒருவரை வாக்களிக்க விடாமல் அச்சுறுத்துவதும், இன்னாருக்கே போடு என்று வற்புறுத்துவதும் ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். கரை வேட்டிக்கு 250 ரூபாய், அச்சுறுத்தலுக்கு ஐந்தாண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. அலுவலர் தவறாக எண்ணி உடையை மாற்றச் சொன்னால் அது வன்கொடுமை ஆகிவிடாது. எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்தைக் காட்டினால், உண்மையாகவே தேவைப்படும் நாளில் அதற்கு வலுவிருக்காது.

மறைவு வாக்கில் இன்னும் ஓர் ஓட்டை அடைபடாமல் இருக்கிறது. வாக்குச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண வழியிருந்தது. இயந்திரம் வந்தபின் சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது. நம் தெருவுக்கென்று ஒரு சாவடி இருந்தால், நம் தெரு யாருக்குப் போட்டது என்பது மறுநாளே ஊருக்குத் தெரியும். பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் கருவி வேண்டுமென்று சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டு மார்ச்சில், தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பனியனைக் கழற்றச் சொல்லும் அக்கறையில் ஒரு பங்கு இதற்கும் காட்டப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், சொல்லமாட்டோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் எங்களிடம் கேட்டது வேறொன்று: சட்டப் பிரிவுகளைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றான். 128, 130, 131, 132 ஆகிய பிரிவுகளை எளிய தமிழில் பெயர்த்து நான்கு பக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறோம். இரவுப் பாடசாலையில் ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு அதைப் படிக்கிறோம். வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்ப்பதும் அன்றே நடக்கிறது. பதினெட்டு நிறைந்தவர்கள் வயதுச் சான்றோடும், ஏற்கெனவே அட்டை பெற்றவர்கள் அட்டையோடும் வரவேண்டும். அடுத்த தேர்தலில் நம் சாவடியில் முகவராக அமர அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். வாக்குப்பதிவு நாளன்று 100 மீட்டர் கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வெள்ளைத் துண்டுகள் இருபது மடித்து வைத்திருப்போம். எக்கட்சிக்காரர் கேட்டாலும் தருவோம். மாலையில் திருப்பித் தந்துவிட வேண்டும்.